பரந்தனுக்குச் சென்ற மூன்றாம் பயணி

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியாகத் தெற்கே செல்லும் பிரயாணி, ஆனையிறவுக் கடனீரேரியைக் கடந்து பெருநிலத்தில் புகுந்ததும் எதிர்ப்படும் முதற் பெருஞ்சந்தி பரந்தன். யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர். கிளிநொச்சி நகருக்கு ஐந்து கிலோமீற்றரளவு வடக்கே உள்ளது. பெயருக்கு ஏற்ற பரந்த வெளி. மாரி மழை பெய்து இரணைமடுக் குளம் நிறைந்துவிட்டால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை நெல். கோடையிலோ, சிறுபோகம் விதைக்காத வயல்கள் வெடித்துக் கிடக்க, சோளகக் காற்று புழுதியை வாரி வீதியிலே கொட்டும்.

இவ்வூரில் நான்கு வழிகள் கூடுகின்றன. வடக்கு வழி யாழ்ப்பாணத்துக்கு. தெற்கு வழி கிளிநொச்சி, வவுனியா தாண்டிக் கண்டிக்கு. கிழக்கே செல்லும் ஏ35 வீதி முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு முல்லைத்தீவுக் கடற்கரையை அடைகின்றது. மேற்கு வழி பூநகரிக்குச் செல்லும். அங்கிருந்து 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் மேலாக மீண்டும் குடாநாட்டுக்குள் புகலாம். வன்னிக்குப் போகிறவரும் வன்னியிலிருந்து வருகிறவரும் இச்சந்தியில் ஒரு தேநீர் குடிக்காமற் போவது அரிது.

வடபகுதிப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டில் காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு முதல் 'யாழ்தேவி' இவ்வழியே ஓடியது. 1990இல் போர் காரணமாக நின்றுபோன புகையிரதம், 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சிற் பரந்தனைக் கடந்து பளைக்கும், அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. பரந்தனின் பெயரை இலங்கையெங்கும் பரப்பிய இன்னொன்று இரசாயனத் தொழிற்சாலை. ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கரைத்து, அக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திக் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். பாடசாலை இரசாயன நூலில் மாணவர்கள் மின்பகுப்பு என்று மனனஞ் செய்வது இங்கே ஓர் ஊருக்கே சோறு போட்டது. போர் அதனையும் நிறுத்திவிட்டது.

சுமக்கும் வண்டி

இத்தகைய சந்தியில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பஸ்களையும் லொறிகளையும் உழவு இயந்திரங்களையும் எண்ணி முடித்த பின்பும் எண்ணி முடியாமல் வந்துகொண்டிருப்பது ஒன்று உண்டு; அது சைக்கிள். அரசாங்கப் பத்திரங்களில் அதன் பெயர் துவிச்சக்கர வண்டி. தமிழகத்தார் மிதிவண்டி என்பர். போர்க் காலத்து வன்னியில் ஈருருளி என்ற பெயரும் வழங்கிற்று. எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அதன் தொழில் ஒன்றே: சுமப்பது. பின் கரியரில் மீன்பெட்டியை வைத்துக் குழலூதிச் செல்பவர், இருபுறமும் பாற்கலன் தொங்கவிட்டு வருபவர், தன் உயரத்துக்கு விறகு கட்டித் தள்ளிக்கொண்டு போகும் மூதாட்டி, பாரில் தங்கையையும் கரியரில் தம்பியையும் ஏற்றிப் பாடசாலைக்கு விரையும் அண்ணன் என எல்லோரையும் எல்லாவற்றையும் இரண்டு சில்லுகள் தாங்குகின்றன.

1990இன் பின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட ஆண்டுகளில் இவ்வண்டியின் பெருமை இன்னும் உயர்ந்தது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் சைக்கிள். நெல் மூடையை ஆலைக்குக் கொண்டு சென்றதும் சைக்கிள். மின்சாரமில்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்று எமது வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோராய் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது கொழும்பு வாசிகளும் சைக்கிளைத் தேடினார்கள். விலையும் மளமளவென்று ஏறியது. வன்னி மக்களுக்கு அது புதுப் பாடமன்று.

சைக்கிள் எல்லாவற்றையும் சுமக்கும். சைக்கிளை எது சுமக்கும்? புகையிரதத்தின் கார்ட் பெட்டி சுமக்கும். கொடிகாமத்துத் தட்டிவான் தன் பின்தட்டிலும் கூரையிலும் சுமக்கும். லொறி சுமக்கும், வள்ளம் சுமக்கும். எல்லா வாகனங்களிலும் சிறியதாகிய இருவர் செல்லும் பந்தயக் கார் சுமக்குமா? இக்கேள்வி சென்ற மாசியில் எமக்கு உண்மையாகவே எழுந்தது.

ஒரு ஹம்பரும் ஒரு மிட்ஜெட்டும்

என் நண்பர் ஒருவர் கொழும்பில் நெடுநாள் தொழில் பார்த்து ஓய்வு பெற்று, யாழ்ப்பாணத்திலுள்ள தமது பழைய வீட்டுக்குத் திரும்பியவர். அவர் கொழும்பிலிருந்து கொண்டு வந்த செல்வம் ஒன்றே: 1960களிற் செய்யப்பட்ட எம்.ஜி. மிட்ஜெட் என்னும் சிறு கார். இரண்டே இருக்கைகள்; தலைக்குமேல் மடக்கி விரிக்கும் துணிக்கூரை; நீளம் மூன்றரை மீற்றர்; நிறை 700 கிலோகிராம் அளவு. குள்ளமான அதன் பக்கத்தில் நின்றால் நாமே உயர்ந்தவர்கள் என்ற எண்ணம் உண்டாகும்.

வீட்டின் பின்கொட்டிலைத் துப்புரவு செய்தபோது, பனையோலைக் கட்டுகளுக்குப் பின்னால், வளையில் தொங்கிய நிலையில் ஒரு சைக்கிள் கிடைத்தது. கறுப்பு நிற ஹம்பர். ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய் கொண்ட அதன் முன்கவையைப் பார்த்தவுடனேயே பழையவர்கள் இனங்காண்பர். அது முரசுமோட்டையில் வாழும் நண்பரின் பெரிய தகப்பனாருடையது. 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உறவினர் வீட்டு விசேடம் ஒன்றுக்காக அவர் அச்சைக்கிளிலேயே யாழ்ப்பாணம் வந்திருந்தார். பின்சில்லின் றிம் வளைந்து போகவே, திருத்தி வைக்கும்படி சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டில் முகமாலையில் போர் மூண்டது. ஏ9 வீதி மூடப்பட்டது. சைக்கிள் வடக்கே, சொந்தக்காரர் தெற்கே. பின்னர் நடந்தவற்றை நாடறியும். 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமிலிருந்து, மறு ஆண்டு முரசுமோட்டைக்குத் திரும்பிய பெரியவர், யாழ்ப்பாணத்திலிருந்த சைக்கிளும் போயிற்று என்றே எண்ணிவிட்டார். வீட்டிலிருந்தவர்களும் மாறிவிட்டமையால் கேட்பாரும் சொல்வாரும் இல்லை.

றிம் நிமிர்த்தி, பந்துகள் மாற்றி, ரயரும் ரியூபும் புதிதாய் இட்டு, நண்பர் சைக்கிளை ஓடும் நிலைக்குக் கொண்டு வந்தார். "லொறியில் அனுப்பிவிடலாமே" என்றேன். "லொறியில் அனுப்பினால் அது பொதி, மாஸ்டர். பெரியப்பாவின்ரை சைக்கிளை நான் கொண்டுபோய்க் குடுத்தால்தான் மரியாதை" என்றார். அவர் சொன்னதும் நியாயமே. ஆனால் கார் இருவருக்கு உரியது. சைக்கிள் எங்கே ஏறுவது?

ஏற்றும் கலை

பெரிய கார் வைத்திருப்போர் இச்சங்கடத்தை உணரார். கூரையின்மேல் இரும்புச் சட்டம் பூட்டி, சைக்கிளை நிமிர்த்தி நிறுத்திக் கட்டிவிடுவார்கள். துணிக்கூரைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மேல்நாட்டில் இத்தகைய கார் உடையோர் கைக்கொள்ளும் வழிகள் மூன்று. ஒன்று, காரின் பின்புறப் பெட்டி மூடியின்மேல் பட்டிகளால் இறுக்கும் சட்டம். இரண்டாவது, காரின் அடிப்பாகத்தில் இழுவைக் கொளுக்கி பொருத்தி அதில் நிறுத்தும் சட்டம். மூன்றாவது, அண்மைக் காலத்தில் வந்தது. ரப்பர்க் கிண்ணங்களிலிருந்து காற்றை உறிஞ்சியெடுத்துக் காரின் பளபளப்பான தகட்டில் ஒட்டவைப்பது. கிண்ணம் ஒட்ட வேண்டுமாயின் தகடு துப்புரவாயும் ஒப்புரவாயும் இருத்தல் வேண்டும். செம்புழுதியும் உப்புக்காற்றும் நிறைந்த எமது வீதிகளில் அடிக்கடி இறங்கித் தொட்டுப் பார்த்துக்கொண்டே போக நேரும்.

நாம் முதலாம் வழியை யோசித்தோம். அளவு நாடாவை எடுத்ததும் கைவிட்டோம். காரின் அகலம் ஏறத்தாழ 1.4 மீற்றர். ஹம்பரின் நீளமோ 1.9 மீற்றருக்குக் கிட்ட. காரின் பின்புறத்திற் குறுக்கே கட்டினால் இரு பக்கத்திலும் கால் மீற்றர் வீதம் வெளியே நீட்டி நிற்கும். சாரதி தன் காரின் அகலத்தை மனத்திற்கொண்டு ஒரு சைக்கிள்காரரை விலத்துவார். நீட்டிய சில்லு அந்த மனிதரின் முழங்கையைப் பதம் பார்க்கும். சைக்கிளைக் காப்பாற்றப்போய்ச் சைக்கிள்காரரை வீழ்த்துவது தருமமாகாது. அன்றியும், பின்விளக்குகளும் இலக்கத் தகடும் மறையக் கூடாது. புகைக்குழாயின் சூடு ரயரில் அடிக்கக் கூடாது. மூடியின் மெல்லிய தகடு ஏறத்தாழ 20 கிலோகிராம் நிறையை மேடு பள்ளங்களிற் குலுங்கிக் குலுங்கித் தாங்கவும் வேண்டும். இத்தனை நிபந்தனைகளையும் நிறைவேற்றும் சட்டம் எம்மிடம் இல்லை.

எஞ்சிய வழி ஒன்றே. துணிக்கூரையை மடக்கிவிட்டு, சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் சைக்கிளை அமர்த்துவது! முன்சில்லைக் கழற்றினோம். பழைய சைக்கிளின் பிறேக், கேபிளில் இயங்குவதன்று. இரும்புக் கோல்களில் இயங்குவது. ஆதலால் கோல்கள் வளையாதவாறு முதலில் அவற்றைக் கவையோடு சேர்த்துத் துணிசுற்றிக் கட்டினோம். இருக்கையின்மேல் இரு சாக்குகளை விரித்து, ஹாண்டிலைக் கால்வைக்கும் பள்ளத்துக்கும் பின்சில்லை இருக்கையின் சாய்வுக்கு மேற்புறமுமாகச் சரித்து வைத்தோம். சங்கிலி கதவுப்பக்கம் இருக்க வேண்டும். அல்லாவிடில் சாரதியின் சட்டை கிறீசாகும். கழற்றிய சில்லு இருக்கைகளின் பின்னே ஒடுங்கிய இடத்தில் அடங்கியது. பெடல் கியர்த்தடியில் முட்டாதபடி பின்னோக்கித் திருப்பிக் கட்டினோம். கட்டுவதற்குக் கயிறு உதவாது, ஓட்டத்தில் தளர்ந்துவிடும். பழைய ரியூப்பை நீளவாக்கில் வெட்டிய ரப்பர்ப் பட்டியே உத்தமம். இழுத்துக் கட்டினால் அது தானே மேலும் இறுகுமேயன்றித் தளராது. சைக்கிள் கரியரில் விறகு கட்டும் ஒவ்வொருவரும் அறிந்த வித்தை இது. இறுதியாக, காருக்கான ஆசனப் பட்டியையும் சைக்கிளின் பாருக்குக் குறுக்கே பூட்டினார் நண்பர். "பிரயாணிதானே!" என்றார்.

மூன்றாம் பயணி ஏறியதால் இரண்டாம் பயணி இறங்க நேர்ந்தது. நான் காலைப் புகையிரதத்துக்கு ரிக்கற் வாங்கினேன்.

ஆனையிறவில்

கொடிகாமம், பளை கடந்து ஆனையிறவை அணுகும்போது புகையிரதப் பாதையும் கண்டி வீதியும் அயலயலே ஓடுகின்றன. இருமருங்கும் ஆழங் குறைந்த நீர், அதில் நாரைகள், அப்பால் உப்பளம். பெட்டியிலிருந்த பிள்ளைகள் திடீரென யன்னற் பக்கம் ஓடினார்கள். "அங்கை பார், சைக்கிள் கார் ஓடுது!" என்றான் ஒரு சிறுவன். உண்மையிலேயே, சாரதியின் தலையைவிட உயரமாய் நின்ற பின்சில்லுதான் தெரிந்தது. காற்று பக்கவாட்டில் அடிக்கும் வெளி ஆகையால் நண்பர் மெதுவாகவே சென்றுகொண்டிருந்தார். புகையிரதம் அவரை முந்தியபோது பிள்ளைகள் கைகாட்டினார்கள், அவரும் காட்டினார்.

ஆனையிறவு என்ற பெயருக்குக் காரணம் யானைகள். வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை இவ்வாழமற்ற நீரின் வழியே குடாநாட்டுக்குள் நடத்தி, ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றிப் பிற தேசங்களுக்கு விற்றனர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும். இவ்வழியைக் காக்க ஒல்லாந்தர் கட்டிய கோட்டையும் இங்கிருந்தது. சுமைகளுட் பெரிய சுமையாகிய யானை தன் காலாலேயே நடந்து கடந்த நீரேரி இது. இதற்குச் சிறிது கிழக்கே, 1990இன் பின், ஆனையிறவு வழி அடைபட்டபோது, ஊரியானுக்கும் கொம்படிக்கும் இடையே மக்கள் நீரிலும் சேற்றிலும் இறங்கிக் கடந்தார்கள். அப்பாதையில் சைக்கிள் தன் எசமானைச் சுமக்கவில்லை. எசமானே சைக்கிளைச் சுமந்தான். அதுவும் முடியாமற் போனபோது கிளாலியில் வள்ளமேறினார்கள். இருட்டில், சைக்கிளை மடியிற் சாய்த்துக்கொண்டு. 1993ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கடலிற் சென்ற மக்கள் கொல்லப்பட்டதை வடபகுதியார் மறந்திலர். இந்நீரைப் பார்த்துக்கொண்டு போகையில் பேச்சு தானாகவே அடங்கிவிடும்.

பழைய உறவு

பரந்தன் சந்தியில் நான் தேநீர்க் கடையொன்றின் முன் நின்றேன். சற்று நேரத்தில் மிட்ஜெட் வந்து சேர, கூட்டமும் சேர்ந்துவிட்டது. காரைப் பார்த்தவர்கள் இளைஞர். சைக்கிளைப் பார்த்தவர்கள் முதியோர். அவர்களுள் ஒரு வயோதிகத் திருத்துனர், கேட்காமலே காரின் முன்மூடியைத் தூக்கச் சொன்னார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இது மொறிஸ் மைனர் எஞ்சின் அல்லோ!" என்றார்.

அவர் கூறியது பொய்யன்று. 1950களில் இங்கிலாந்தில் ஆஸ்டின் சிறு கார்களுக்கென உருவாக்கப்பட்ட ஏ வகை எஞ்சினே, பின்னர் மொறிஸ் மைனருக்கும், 1961இல் வெளிவந்த எம்.ஜி. மிட்ஜெட்டுக்கும் அளவு வேறுபாடுகளுடன் பொருத்தப்பட்டது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று பட்டு உடுத்து விளையாடப் போயிற்று, மற்றது வேட்டியை மடித்துக் கட்டி உழைக்கப் போயிற்று. ஆஸ்டின் கார்களுள் ஒன்றின் பெயரும் ஏ35; பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியும் ஏ35! பெற்றோல் இல்லாக் காலத்தில் அந்த மொறிஸ், ஆஸ்டின் கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு உயிர்ப்பித்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகையும் நெடியுமாக, இடையிடையே இருமிக்கொண்டு, அவை மணமக்களையும் பிணங்களையும் ஏற்றிச் சென்றன. உல்லாசத்துக்கெனச் செய்த காரை அத்திருத்துனர் அன்புடன் தட்டிக் கொடுத்ததன் பொருள் எமக்கு அப்போது விளங்கிற்று.

சந்தியிலேயே சைக்கிளை இறக்கினோம். முன்சில்லைப் பூட்டவும், பிறேக்கைச் சரிபார்க்கவும், காற்றடிக்கவும் கால் மணி நேரம் சென்றது. அங்கிருந்து முரசுமோட்டை வரை நான் சைக்கிளில் முன்னே; நண்பர் காரில் பின்னே. இரு பக்கமும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வெட்டும் இயந்திரம் வயலைச் சுற்றிச் சுற்றி வர, அதன் பின்னால் கொக்குகள் வரிசையாய் நடந்தன. ஹம்பர் உயர்ந்த வண்டி. அதன் ஆசனத்திலிருந்து வரம்புகளுக்கு அப்பாலும் பார்க்கலாம். கனத்த வண்டியாயினும் ஓடத் தொடங்கிவிட்டால் தன் நிறையாலேயே ஓடும். பந்தயக் காரில் நிலத்தோடு நிலமாய் வந்துகொண்டிருந்த நண்பருக்கு என் குதிக்கால்களும் பின்சில்லும் மாத்திரமே காட்சி.

பூட்டும் திறப்பும்

படலையடியில் நின்ற பெரியவருக்கு எண்பது வயதுக்குக் குறையாது. காரை அவர் பார்க்கவேயில்லை. என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். கிட்ட வந்து ஹாண்டிலைப் பிடித்தார். பின்சில்லைத் தூக்கிப் பெடலைக் காலால் ஒரு சுற்றுச் சுற்றி, காது கொடுத்துக் கேட்டார்.

"பந்து மாத்தியிருக்கிறியள்" என்றார்.

"ஓம், பெரியப்பா. றிம்மும் நிமித்தினது" என்றார் நண்பர்.

"தம்பி, உந்தச் சின்னக் காருக்குள்ளை எப்பிடி வைச்சனீ?"

நண்பர் விவரித்தார். பெரியவர் முழுவதையும் கவனமாய்க் கேட்டு, கோல்களைத் துணிசுற்றிக் கட்டிய இடத்தில் தலையை அசைத்தார். பின்பு தாமாகவே சொல்லத் தொடங்கினார். 1991ஆம் ஆண்டு இதே சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கொம்படி நீரைக் கடந்தார். பார் தோளில் அழுத்தாமல் இருக்கச் சால்வையை மடித்து வைத்தார். அப்பொழுதும் தழும்பு விழுந்துவிட்டது. கரை ஏறியதும் முதல் வேலையாக நல்ல தண்ணீரில் கழுவி, சில்லுகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டார். உப்புநீர் பட்ட இரும்பை ஓர் இரவு விட்டு வைத்தாலும் கெட்டுவிடும் என்றார்.

"இது இல்லாத காலத்திலை ஒரு லுமாலா வைச்சிருந்தனான்" என்று நிறுத்தினார். 2009 தை மாதம் முரசுமோட்டையை விட்டு வெளிக்கிட்டபோது அந்த லுமாலாவில் இரண்டு மூடையும் ஒரு தண்ணீர்க் கானும் கட்டியிருந்தார். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எனச் சனத்தோடு சனமாக அதைத் தள்ளிக்கொண்டு கிழக்கே போனார். ஒவ்வோர் இடத்திலும் மூடை குறைந்தது. முள்ளிவாய்க்காலில் வண்டியில் கட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவ்விடத்தை விட்டு வெளியேறியபோது சைக்கிளை ஒரு பனையோடு சாத்தினார்.

"பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்" என்றார். உள்ளே சென்று ஒரு சிறு தகரப் பேணியைக் கொண்டு வந்தார். அதில் அடையாள அட்டை, சில காசுகள் இவற்றோடு சைக்கிள் பூட்டின் திறப்பும் இருந்தது.

நாம் ஒன்றும் பேசவில்லை. அவரும் அழவில்லை. பேணியை மூடி வைத்துவிட்டு, "மோர் குடியுங்கோ, வெய்யிலுக்கை வந்தனீங்கள்" என்றார். சிறிது நேரத்தில் அயல்வீட்டுப் பேத்தி முறையான பிள்ளையைக் கூப்பிட்டு, தரைக்குக் கால் எட்டாத அந்த உயர்ந்த சைக்கிளில் ஏற்றி, பின்னால் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தார்.

கிழக்கு வழி

மாலையில் நண்பரும் நானும், காரில் இப்பொழுது எனக்கும் இடம் இருந்ததனால், ஏ35 வீதியில் புதுக்குடியிருப்பைத் தாண்டி வட்டுவாகல் வரை சென்று வந்தோம். வீதி நன்றாக இருக்கிறது. இருபுறமும் வீடுகள், கடைகள், பாடசாலைகள். போர் முடிந்த பின் முள்ளிவாய்க்கால், மாத்தளன் பக்கங்களில் மக்கள் விட்டுச்சென்ற வாகனங்கள் குவிக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றுள் துருவேறிய சைக்கிள்கள் மலைபோல் இருந்தன. சொந்தக்காரர் சிலர் தேடிச் சென்றனர். பெரும்பாலானவை பழைய இரும்பாயின. இப்பொழுது அவ்விடங்களில் மணலும் வடலியும் தென்னம்பிள்ளையுமே கண்ணுக்குத் தெரிகின்றன. நந்திக்கடல் அமைதியாகக் கிடந்தது. இறால் பிடிப்போர் கரையில் தங்கள் சைக்கிள்களை நிறுத்திவிட்டு நீரில் இறங்கியிருந்தனர். அச்சைக்கிள்களில் சில பூட்டியிருந்தன, சில பூட்டவில்லை.

வரலாற்று நூல்கள் போரைப் படைகளின் பெயராலும் தேதிகளாலும் எழுதும். பரந்தன் 2009 ஜனவரி முதலாந் தேதி கைமாறியது என்று அவை குறிக்கும். அது சரியே. ஆனால் அந்த வீதியாற் போன ஒவ்வொரு குடும்பமும் எதை ஏற்றிற்று, எங்கே எதை இறக்கிற்று என்பதைச் சைக்கிள் கரியர்தான் அறியும். வன்னியின் கதையை எழுத விரும்பும் மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் வைத்திருந்த சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும். எந்த ஆண்டில் வாங்கியது, எதை ஏற்றியது, எங்கே விட்டது என்ற மூன்று கேள்விகள் போதும். விடை ஒரு கொப்பியை நிரப்பும்.

பரந்தனுக்குப் போக விரும்பும் குடும்பத்தினருக்கு இரண்டொரு வார்த்தை. தை, மாசி மாதங்களே தக்க காலம். வெயில் கடுமையில்லை, வயலும் கண்ணுக்கு விருந்து. புகையிரதத்திற் சென்றால் ஆனையிறவின் அழகை ஆறுதலாகப் பார்க்கலாம். காரிற் போகிறவர்கள் கூடவே ஒரு சைக்கிளையும் கொண்டு செல்வது நன்று. கூரைச் சட்டம் இருந்தால் அதில். இல்லாவிட்டால் முன்சில்லைக் கழற்றி, சாக்கு விரித்து, ரியூப் பட்டியால் இறுக்கி உள்ளே. கார் எவ்வளவு சிறியதாயினும் மனம் வைத்தால் இடம் உண்டு. நிறுத்திய இடத்திலிருந்து சைக்கிளில் ஏறி முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் போங்கள். காரிற் போகிறவருக்கு வன்னி யன்னலூடே ஓடிப்போகும் ஒரு காட்சி. சைக்கிளிற் போகிறவரை ஆட்கள் நிறுத்தி, "எந்த ஊர் தம்பி?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். பிறகு அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.